ஆளில்லா நேரத்தில் தானாக உறங்கும் வீட்டு மீடியா சர்வர்: ஓராண்டு அனுபவம்

எங்கள் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் ஐ5-4570 செயலி, 8 ஜிபி ரேம், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, கோப்புகளுக்குத் தலா 4 டிபி கொண்ட இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஆகியவை அதில் உள்ளன. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் ஜெல்லிஃபின் ஓடுகிறது; கணினியில் உள்ள படங்களையும் பாட்டுகளையும் வீட்டில் உள்ள மற்றச் சாதனங்களுக்கு அனுப்பும் மென்பொருள் அது. அப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போன கச்சேரிக் கேசட்டுகளை நான் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியதும், மகள் நடை பழகிய நாளிலிருந்து எடுத்த வீடியோக்களும், வீட்டில் அனைவரும் பார்க்கும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. சென்ற ஆண்டு கோடையில், அலமாரிக் கதவைத் திறந்தாலே முகத்தில் வெப்பம் அடிக்கத் தொடங்கியபோது, பிளக்கில் செருகி மின்சாரத்தை அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். யாரும் எதுவும் பார்க்காத பிற்பகல் நேரத்தில் அது 46 வாட் காட்டியது.

46 வாட் என்பது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.1 யூனிட், தமிழ்நாட்டில் மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாத காலத்துக்கு 66 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை, பெரும்பாலும் சும்மா இருக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஏசி ஓடும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டியே வரும். அதைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடுகிறது என்பதால், அந்த மாதங்களில் இந்த 66 யூனிட் எனக்குப் பெரிதாகவே பட்டது. இதே வேலையை 8 வாட்டில் செய்யும் சிறிய மினி பிசி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்கூடச் செலவாகாது. அவர்கள் நான் கீழே சொல்லும் பாடு எதையும் படத் தேவையில்லை என்பதே என் கருத்து. பழைய மேசைக் கணினியைச் சர்வராக மாற்றியவர்களுக்குத்தான் இந்த வேலை பலன் தரும்.

கணினியை உறங்க வைப்பது ஒரு வரிக் கட்டளை. எப்போது உறங்க வைப்பது என்பதைக் கணினிக்குப் புரிய வைப்பதற்குத்தான் எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. "யாரும் பயன்படுத்தவில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதை எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்வது என்ற கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி.

முதலில் எனக்குத் தோன்றிய அடையாளம் வலை இணைப்பு. ஜெல்லிஃபின் 8096 என்ற போர்ட்டில், அதாவது தனக்கென ஒதுக்கிய எண்ணுள்ள வலைவாசலில், கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் போர்ட்டில் யாரும் இணைந்திராவிட்டால் உறங்கலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் (சிறு கட்டளை நிரல்) எழுதினேன். மூன்று நாட்கள் கணினி ஒருமுறைகூட உறங்கவில்லை. தொலைக்காட்சியில் உள்ள ஜெல்லிஃபின் செயலி (ஆப்), படம் எதுவும் ஓடாமல் முகப்புப் பக்கத்தில் நின்றாலும், சர்வருடன் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. பையில் கிடக்கும் கைப்பேசியும் அப்படியே செய்கிறது. இணைப்பு இருப்பது வேறு, பயன்பாடு இருப்பது வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து, நெட்வொர்க் கார்டு வழியாக நிமிடத்துக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதை அடையாளமாக வைத்தேன். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தொடர்ந்து 15 நிமிடங்கள் இருந்தால் உறக்கம். படம் பார்ப்பதற்கு இது சரியாகவே வேலை செய்தது. அப்படி ஒரு வாரம் கடந்த பிறகு, அம்மா ஒரு நாள் காலையில் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கப்பா இந்தக் கச்சேரிய முதல் பக்கத்தோட விட்டுட்டார் போலிருக்குடா, ரெண்டாவது பக்கம் பதியவே இல்ல" என்றார். அந்தக் கேசட்டின் இரண்டு பக்கங்களையும் நானே ஏற்றியிருந்தேன். நடந்தது இதுதான். ஒரு பக்கம் என்பது 45 நிமிடங்கள் ஓடும், ஏறத்தாழ 43 எம்பி அளவுள்ள ஒரே கோப்பு. டேப்லெட் அதை முதல் நிமிடத்திலேயே முழுவதுமாக இழுத்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் 44 நிமிடங்களும் சர்வரின் பார்வையில் வெறும் அமைதி. 15 நிமிடங்களில் சர்வர் உறங்கிவிடும். ஏற்கெனவே இழுத்த கோப்பு கடைசி வரை தடையின்றி ஓடும். இரண்டாம் பக்கம் மட்டும் தொடங்காது. பிழைச் செய்தி என்று எதுவும் வராததால், குறை அப்பாவின் பதிவில் இருப்பதாக அம்மா ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து முடிக்க வைத்தது.

சரியான வழி, ஊகிப்பதை விட்டுவிட்டு ஜெல்லிஃபினையே கேட்பது. 2018 டிசம்பரில், எம்பி என்ற சர்வர் மென்பொருளின் மூலநிரல் மூடப்பட்டதைத் தொடர்ந்து அதிலிருந்து கிளைத்து வந்த கட்டற்ற மென்பொருள் ஜெல்லிஃபின். அதன் ஏபிஐ (பிற நிரல்கள் அதனிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வழி) எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் ஒரு ஏபிஐ சாவியை உருவாக்கிக்கொண்டு, நடப்பு அமர்வுகளின் பட்டியலைக் கேட்டால், ஒவ்வொரு சாதனத்திலும் இப்போது எது ஓடுகிறது, அது ஓட்டத்தில் இருக்கிறதா நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லிவிடும். டேப்லெட் கோப்பை முழுவதும் இழுத்துவிட்டாலும், பாட்டு எந்த நொடியில் இருக்கிறது என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை சர்வருக்குத் தெரிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சிறு செய்திகளைத்தான் என் தரவு அளவுக் கணக்கு குப்பை என்று தள்ளியிருந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட அமர்வுகளுக்கு மட்டும் தனி விதி தேவைப்பட்டது: சாப்பிட எழுந்து போனவர் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும், அதற்காகப் பாதிப் படத்தில் தூங்கிப்போனவருக்காக விடிய விடிய விழித்திருக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் என்று வைத்தேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

ஜெல்லிஃபின் தவிர்த்த மற்றச் சோதனைகள் எளியவை. கோப்புகளைப் பகிரும் சம்பா வழியாக யாராவது கோப்பு திறந்து வைத்திருக்கிறார்களா, தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச் வழியாக யாராவது உள்ளே இருக்கிறார்களா, ஆர்சிங்க் என்ற நிரல் எடுக்கும் காப்புப்படி ஓடிக்கொண்டிருக்கிறதா, படம், பாட்டு நூலகத்தைப் புதுப்பிக்கும் பணி நடக்கிறதா, கணினிச் செயலியின் (சிபியு) சுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்கிறதா என்ற ஐந்தும் போதும். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டி டைமர் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. எல்லாச் சோதனைகளும் "இல்லை" என்றால் ஓர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஏதாவது ஒன்று "ஆம்" என்றாலும் எண்ணிக்கை சுழியாகிறது. எண்ணிக்கை 20ஐத் தொட்டால் கணினி உறங்குகிறது.

எண்ணிக்கையாக இதை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கத்தில் நான் கடைசிப் பயன்பாட்டின் கடிகார நேரத்தைக் குறித்து வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு 10 மணிக்கு உறங்கிய கணினியைக் காலை 7 மணிக்கு எழுப்பினால், கடைசிப் பயன்பாடு நடந்து 9 மணி நேரம் ஆகிவிட்டதாகக் கணக்கு காட்டும். எழுந்த ஒரு நிமிடத்துக்குள், படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, மறுபடியும் உறங்கிவிடும். எண்ணிக்கை முறையிலும் இதே குழி இருக்கிறது: உறக்கத்தின்போது ரேம் அப்படியே காக்கப்படுவதால், உறங்கும் முன் எண்ணிக்கையைச் சுழியாக்கவில்லை என்றால், எழும்போதும் அது 20ஆகவே இருக்கும். எனவே உறக்கக் கட்டளைக்கு முந்தைய வரியில் எண்ணிக்கையைச் சுழியாக்குவதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சோதனையே தோற்றுப்போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை நான் ஏபிஐ சாவியை மாற்றிவிட்டு ஸ்கிரிப்டில் மாற்ற மறந்தேன். ஜெல்லிஃபின் அனுமதி மறுத்தது. ஸ்கிரிப்டுக்குப் பதில் வெறுமையாக வந்தது. வெறுமையான பதிலை அது "யாரும் பார்க்கவில்லை" என்று படித்துக்கொண்டு, மகள் படம் பார்த்துக்கொண்டிருந்தபோதே உறங்கிவிட்டது. அன்றிலிருந்து, தெளிவான பதில் வராத எந்தச் சோதனையையும் "பயன்பாட்டில் உள்ளது" என்றே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். அப்படிச் செய்தால் பிழை ஏற்படும்போது கணினி சத்தமில்லாமல் நாள் முழுவதும் விழித்திருக்கும் என்பதால், தொடர்ந்து 12 மணி நேரம் உறங்காவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பும்படியும் செய்தேன். எதை மாற்றினாலும், முதல் சில நாட்கள் உண்மையில் உறங்க வைக்காமல், "இந்த நேரத்தில் உறங்கியிருப்பேன்" என்று பதிவேட்டில் எழுத மட்டும் விடுங்கள். இரவில் அந்தப் பதிவை எடுத்துவைத்து, அன்று வீட்டில் நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தவறு எங்கே என்பது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தெரிந்துவிடும். நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

உறங்க வைப்பதா, முழுதாக அணைப்பதா என்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. முழுதாக அணைத்தால் என் கணினி ஒன்றரை வாட் எடுக்கிறது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் தரும் எஸ்3 உறக்கத்தில் இரண்டரை வாட். இந்த ஒரு வாட் வேறுபாடு பெரிதல்ல. ஆனால் அணைந்த நிலையிலிருந்து தொடங்கி ஜெல்லிஃபின் தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் தொலைக்காட்சிச் செயலி சர்வரைக் காணவில்லை என்று சொல்லிவிடும். உறக்கத்திலிருந்து ஐந்தாறு நொடிகளில் எழுந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்குகள் சுழன்று வேகம் பிடிக்க இன்னும் எட்டு, பத்து நொடிகள். வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளும் எல்லை அதுதான் என்பதால் உறக்கத்தையே தேர்ந்தெடுத்தேன். உங்கள் மதர்போர்டில் உண்மையான எஸ்3 உறக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கணினிகள் சிலவற்றில் மேலோட்டமான உறக்கம் மட்டுமே உண்டு. சேமிப்பு அதைப் பொறுத்தது.

இனி எழுப்புவது. இதற்கு வேக் ஆன் லேன் என்ற பழைய, உறுதியான வழி இருக்கிறது. எஃப்எஃப் என்ற மதிப்புள்ள ஆறு பைட்டுகளையும், அவற்றைத் தொடர்ந்து அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதினாறு முறையும் கொண்ட, மொத்தம் 102 பைட் அளவுள்ள மேஜிக் பாக்கெட்டை வீட்டு வலையில் அனுப்பினால், விழித்திருக்கும் நெட்வொர்க் கார்டு அதைக் கண்டு கணினியை எழுப்புகிறது. இதற்கு மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் இஆர்பி என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காத்திருப்பு மின்வரம்புக்காக வைக்கப்பட்ட அது, அணைந்த நிலையில் நெட்வொர்க் கார்டின் மின்சாரத்தையும் துண்டித்துவிடுவதால், அதை முடக்க வேண்டும். இரண்டாவதாக, லினக்ஸில் நெட்வொர்க் கார்டை மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழும்படி அமைக்க வேண்டும். தன் முகவரிக்கு வரும் எந்தச் செய்திக்கும் எழும்படி விட்டுவிட்டால், ரவுட்டர் விசாரிக்கும் ஒவ்வொரு முறையும் கணினி எழுந்துகொண்டே இருக்கும். மூன்றாவதாக, பாக்கெட்டைக் கணினியின் ஐபி முகவரிக்கு அனுப்பாமல், 255 என்று முடியும் பொது முகவரிக்கு அனுப்ப வேண்டும். உறங்கும் கணினியின் முகவரியை ரவுட்டர் சிறிது நேரத்தில் மறந்துவிடும். சோதனை செய்யும்போது, உறங்க வைத்த இரண்டாம் நிமிடத்தில் எழுந்த கணினி, மறுநாள் காலையில் எழாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது.

இவை அனைத்தும் சரியான பிறகும், கரண்ட் போய் வந்த நாட்களில் மட்டும் கணினி எழ மறுத்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான்; ஹாலில் உள்ள அந்த பிளக்குக்கு வராது. மின்சாரம் முற்றிலும் போனால் உறக்கமும் கலைகிறது, நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்திருந்த எழுப்பும் உத்தரவும் அழிந்துவிடுகிறது. அடுத்த முறை லினக்ஸ் தொடங்கி அதை மறுபடி அமைக்கும் வரை எந்தப் பாக்கெட்டும் அதன் காதில் விழாது. தீர்வு எளிதாகவே இருந்தது. மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கும்படி பயாஸில் அமைத்துவிட்டால், கணினி ஒருமுறை எழுந்து, தன்னைச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் தேவையில்லை என்றால் 20 நிமிடங்களில் மறுபடி உறங்கிவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் ஒரே மாலையில் நான்கு முறை போய் வருவதைப் பார்த்த பிறகு, 600 விஏ அளவில் ஒரு சிறிய யுபிஎஸ்ஸையும் வாங்கி வைத்தேன். உறங்கும் கணினி இழுப்பது மிகக் குறைவு என்பதால், அதை வைத்தே நீண்ட மின்தடையைக் கடந்துவிட முடிகிறது.

எழுப்பும் வேலையை வீட்டில் யாரும் "கற்றுக்கொள்ள" வேண்டியிருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எழுபது வயதைக் கடந்தவரிடம் செயலியைத் திறந்து, கணினியைத் தேர்ந்து, பொத்தானைத் தொடச் சொல்வது முறையல்ல. எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில், வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஏற்கெனவே நாள் முழுவதும், மூன்று வாட் அளவில், ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சி உயிர்பெற்றதை அது அறிந்தவுடன் மேஜிக் பாக்கெட்டை அனுப்பும்படி செய்தேன். தொலைக்காட்சி தன் முகப்பைக் காட்டி முடிப்பதற்குள் சர்வர் தயாராகிவிடுகிறது. பாட்டு கேட்பதற்குத் தொலைக்காட்சி தேவையில்லை என்பதால், பூஜை அறை நிலைப்படிக்குப் பக்கத்தில், காலிங் பெல் பொத்தான் போன்ற கம்பியில்லாப் பொத்தான் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அழுத்தினாலும் சர்வர் எழும்.

அம்மா விடியற்காலை 5 மணிக்குப் பாட்டு கேட்பது வழக்கம் என்பதால், அதற்கு முன் 4:45க்கே கணினி எழும்படி பயாஸின் அலாரத்தை முதலில் அமைத்தேன். அது 10:15க்கு எழுந்தது. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைத்திருக்கும். பயாஸுக்கு அது தெரியாது. இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள ஐந்தரை மணி நேர வேறுபாடு அப்படியே வந்து சேர்ந்தது. இப்போது பயாஸ் அலாரத்தைத் தொடுவதில்லை. உறங்கப் போகும் முன் ஸ்கிரிப்டே அடுத்து எழ வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு, உள்கடிகாரத்தில் எழும் நேரத்தைக் குறிக்கும் ஆர்டிசிவேக் கட்டளை மூலம் அமைத்துவிட்டு உறங்குகிறது. காப்புப்படி எடுக்க வேண்டிய நாட்களில் அந்த நேரம் பின்னிரவு 2 மணியாகிறது.

அடிக்கடி நின்று சுழல்வதால் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அளவு முக்கியம். என் கணினி நாளொன்றுக்கு நான்கைந்து முறை எழுகிறது; ஆண்டுக்கு 1,800 முறை என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 4ஆம் எண்ணில் தொடக்க நிறுத்த எண்ணிக்கையும், 193ஆம் எண்ணில் தலை ஏறி இறங்கும் எண்ணிக்கையும் இருக்கும். உங்கள் டிஸ்க்கின் விவரத்தாளில் இவற்றுக்குத் தந்திருக்கும் வரம்போடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உறங்கும்படி வைத்தால் இந்த எண்கள் கண்முன்னே ஏறும். 20 நிமிடம் என்று நான் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுத விரும்பாதவர்களுக்கு ஆட்டோசஸ்பெண்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது; இணைப்பு, சுமை, சம்பா, பயனர் உள்நுழைவு ஆகிய சோதனைகளும் நேரம் பார்த்து எழுப்பும் வசதியும் அதில் ஆயத்தமாகவே உள்ளன. அதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால் நான் அதையே வைத்து வேலையைத் தொடங்கியிருப்பேன். எனினும், எந்த அடையாளத்தை நம்புவது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டைப் பார்த்து நீங்களேதான் விடை காண வேண்டியிருக்கும்.

இப்போது நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் அளவில் கணினி விழித்திருக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் அதன் பங்கு 66 யூனிட்டிலிருந்து 18க்கு இறங்கியிருக்கிறது. அலமாரியைத் திறந்தால் வெப்பம் அடிப்பதில்லை. சென்ற மாதம் பத்து நாட்கள் வெளியூரில் இருந்துவிட்டு வந்து பதிவேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் 4:45க்கு எழுந்திருந்தது. இரண்டு முறை மின்சாரம் போய் வந்து, அதன் பிறகும் உரிய நேரத்தில் உறங்கியிருந்தது. அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கம் மட்டும் நான்கு நாட்கள் முழுவதுமாக ஓடியிருந்தது.